மூன்று மாவில் எழுந்த அலை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். சர்ஃபிங் படம் எடுக்கப் போகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த அந்த வருடம் வரைக்கும், நான் கடலைப் பார்த்தது மொத்தம் நான்கே முறை. ஒரு முறை பள்ளிச் சுற்றுலா. கயிறு கட்டாத குறையாக டீச்சர் எங்களைக் கரையிலேயே உட்கார வைத்துவிட்டார். இன்னொரு முறை கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஜ்ஜி தின்றேன். மீதி இரண்டு முறையும் பஸ் ஜன்னல் வழியாக. எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். காவிரி இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, திரும்பின பக்கமெல்லாம் நெல் இருக்கிறது. அலை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது.

ஆனால் கையில் செல்போன் இருந்ததே. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. தஞ்சாவூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலை. நாள் முழுக்க மாப்பிள்ளை பெண் தலையில் கம்ப்யூட்டரிலேயே ரோஜா இதழ் கொட்டுவேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சர்ஃபிங் படங்களாகப் பார்ப்பேன். அதில் இரண்டு வகை உண்டு. அலைமேல் ஆள் போவதை அப்படியே எடுத்துப் பாட்டுப் போட்டு விடுகிறவர்கள் ஒரு வகை. இன்னொரு வகையினர் ஆற்றில் சறுக்குவார்கள், பனிக்கு நடுவே சறுக்குவார்கள், சில சமயம் ஆளே இல்லாமல் அலையை மட்டும் காட்டி நம்மை அழ வைப்பார்கள். நான் அந்த இரண்டாம் வகை. (ஒரு படம்கூட எடுக்காமலே வகையை முடிவு செய்துவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள்.)

ஜெகன் எனக்குக் கிடைத்தது ஒரு கல்யாண வீடியோவில். கடற்கரை ஊர், மீனவர் குடும்பம். அவனுடைய அக்காவைத் தஞ்சாவூரில் கட்டிக்கொடுத்தார்கள். பந்தியில் பாயச வாளியோடு வந்தவன் தரையில் கிடந்த ஈரத்தில் வழுக்கினான். விழவில்லை. ஐந்தடி சறுக்கிப் போய், ஒரு சொட்டுப் பாயசம் சிந்தாமல், சரியாக ஒரு பெரியவர் இலைக்கு முன்னால் நின்று ஊற்றிவிட்டுப் போனான். அந்த இடத்தை மட்டும் இருபது தடவை ஓட்டிப் பார்த்தேன். விசாரித்தால், ஆள் சர்ஃபிங் போட்டிகளுக்கெல்லாம் போகிறவனாம்.

போனில் பேசிப் பழக்கமானோம். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அக்கா என்றுதான் கூப்பிடுவான். அவன்தான் சொன்னான், அவர்கள் ஊரில் சர்ஃபிங் பழகுகிறவர்கள் எல்லாம் அடுத்த மாதம் கூடப்போகிறார்கள், ஒரு சாயங்காலம் ஐந்து நிமிடப் படங்கள் போட்டுக் காட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், ஒரே நிபந்தனை, இதுவரை யாரும் எடுக்காததாக இருக்க வேண்டும் என்று. கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் விளக்கெரிந்தது. கடலே இல்லாத சர்ஃபிங் படம். எங்கள் வயலில்.

"வயல்ல அலை எங்கேருந்துக்கா வரும்?" என்றான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ பலகைய எடுத்துக்கிட்டு வா."

அந்த வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா போய்விட்டார். அம்மா இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர்கள் வயலில் நடவு நட்டவள். செல்லம்மா அக்கா தலைமையில் அவர்கள் ஒரு கோஷ்டி. அந்த வருடம்தான் மூன்று மா நிலம் அம்மா பேருக்குப் பதிவாகியிருந்தது. (மூன்று மா என்றால் ஒரு ஏக்கர்தான். ஆனால் அம்மா வாயிலிருந்து ஏக்கர் என்ற வார்த்தை வரவே வராது. மூன்று என்று சொல்வதில் ஒரு கெத்து இருக்கிறதல்லவா.) சொந்த நிலத்தில் முதல் குறுவைச் சாகுபடி. சேறடித்து, பரம்படித்து, வயல் தட்டு மாதிரி மட்டமாகக் கிடந்தது. நாற்றைப் பறித்து முடி கட்டி ரோட்டோரம் அடுக்கியாகிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கு செல்லம்மா அக்காவும் இன்னும் பதினோரு பேரும் நடவுக்கு வருகிறார்கள். அந்த ஒரு நாளை விட்டால் அப்புறம் பத்து நாள் அவர்களுக்கு வேறு ஊரில் வேலை. பறித்த நாற்று அதுவரை தாங்காது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று அம்மாவுக்கு இருந்தது. வயல் மட்டமா இல்லையா என்பதை நடவு நடுகிறவர்களுடைய கால் கண்டுபிடித்துவிடும். எத்தனையோ மிராசுதார் வயலில் மேடு பள்ளம் சொல்லிச் சிரித்த கோஷ்டி அது. அந்தச் சிரிப்பில் அம்மாவின் பங்கு கொஞ்சநஞ்சமல்ல. நாளைக்கு அவர்கள் தன் வயலில் இறங்கும்போது ஒருத்தி வாயும் கோணக்கூடாது என்பதுதான் பத்து நாளாக அம்மாவின் ஒரே நினைப்பு. பன்னிரண்டு பேருக்கும் ரவிக்கைத் துணியும் பூவும் கொடுக்க வேண்டும் என்று அன்று காலை தஞ்சாவூருக்குக் கிளம்பினாள்.

வயலில் கொஞ்சம் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"எடுத்துக்க. ஆனா வரப்புல நின்னு எடு. வயல்ல ஒருத்தர் கால் படக்கூடாது."

இதில் முதல் வார்த்தை மட்டும்தான் என் காதில் தங்கியது.

பத்து மணிக்கு ஜெகன் வந்து இறங்கினான். எட்டடி நீளப் பொட்டலத்தைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்ததற்குக் கண்டக்டர் அவனுக்கு வைத்த பேர்களை இங்கே எழுத முடியாது. டிராக்டருக்கு முருகையன் மாமாவைப் பிடித்து வைத்திருந்தேன். எங்கள் தெருவில் எல்லோருக்கும் உழுது கொடுக்கிறவர் அவர்தான். முந்தாநாள் எங்கள் வயலுக்குப் பரம்படித்தவரும் அவரேதான். பரம்பு என்பது ஆறடி நீள மரப்பலகை. அதை டிராக்டருக்குப் பின்னால் குறுக்கே கட்டி, மேலே மணல் மூட்டை வைத்து இழுத்தால் சேறு மட்டமாகும். தான் மட்டமாக்கிய வயலிலேயே மறுபடியும் டிராக்டரை இறக்குவதா என்று மாமா தயங்கினார். அம்மாகிட்ட சொல்லிட்டியா என்று இரண்டு தடவை கேட்டார். சொல்லிவிட்டேன் என்றேன். நீங்களும் படத்தில் வருகிறீர்கள் மாமா என்றும் ஒரு வார்த்தை சேர்த்தேன். மனிதர் வீட்டுக்குப் போய், மகன் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

என் திட்டம் எளிமையானது. டிராக்டரில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு ஜெகன் பலகையில் நிற்க வேண்டும். டிராக்டர் போகும், அவன் வழுக்கிக்கொண்டே வருவான், நான் படமெடுப்பேன். "ஸ்டார்ட்!" என்று ஒரு குரல் கொடுத்தேன் பாருங்கள், பக்கத்து வயல் கொக்குகள் மொத்தமும் எழுந்து போய்விட்டன.

ஜெகன் அழகாகத்தான் நின்றான். நாலே அடி. அப்புறம் முகம் குப்புறச் சேற்றில் கிடந்தான். சர்ஃபிங் பலகைக்கு அடியில் மீன் செதில் மாதிரி மூன்று துண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அது என்ன செய்யும் என்பதுதான் தெரியாது. கடலில் அவை தண்ணீரைக் கிழிக்கும். எங்கள் வயலில் தண்ணீர் இரண்டு விரற்கடை. அதனால் அவை வயலையே உழுதுவிட்டன. மூன்று கோடு, ஒரே சீராக, ஜம்மென்று. அதைக் கழற்றிவிடலாம் அக்கா, ஆனா திருகு சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டேன் என்றான் ஜெகன்.

அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை ஏது? தண்ணீர் குறைவு, அவ்வளவுதானே, ஏற்றிவிட்டால் போகிறது என்று பம்ப்செட்டைப் போட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. வரப்பு முட்டத் தண்ணீர். ஒரு விவசாயி வீட்டுப் பெண் நடவுக்கு முதல் நாள் செய்யக்கூடாத காரியம் என்று ஒரு பட்டியல் போட்டால், அதில் பாதியைச் சாப்பாட்டு வேளைக்குள் முடித்திருந்தேன்.

தண்ணீர் நின்றதும் எனக்கு அடுத்த யோசனை வந்தது. சும்மா இழுப்பானேன்? டிராக்டரை வேகமாக வட்டமடிக்கச் சொன்னால் அலையே வருமே! முருகையன் மாமா கூலிங் கிளாஸைச் சரி செய்துகொண்டு வட்டமடிக்க ஆரம்பித்தார். டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம், சேற்றில் ஓட்டுவதற்கென்றே போடுவது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, நாலு சுற்று. தண்ணீர் சுழல ஆரம்பித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஏழாவது சுற்றில் அலை வந்தது. முட்டி உயரம். (ஜெகன் கணுக்கால் உயரம் என்பான். அவன் கடலில் பிறந்தவன், அவனுக்கு எதுவும் உயரமாகத் தெரியாது.) அதில் அவன் ஏறி நின்றான். திருக்காட்டுப்பள்ளிச் சரித்திரத்தில் முதன்முதலாக ஒரு மனிதன் அலைமேல் போனான். மூன்று நொடி. நான் வரப்பில் நின்று குதித்தேன்.

அலைக்கு நிற்கத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. அது நேரே போய்க் கிழக்கு வரப்பில் மோதியது. ஏற்கெனவே ஊறிக் கிடந்த வரப்பு ஆறடி அகலத்துக்கு அப்படியே சரிந்தது. அந்தப் பக்கம் வடிகால். மூன்று மணி நேரம் இறைத்த தண்ணீரும், பத்து நாளாக அம்மா பக்குவம் பார்த்த சேறும் சேர்ந்து வடிகாலில் இறங்கின. மாமா பதறிப்போய் வண்டியைத் தென்கிழக்கு மூலையில் ஒடித்துத் திருப்பினார். பின்சக்கரம் இரண்டும் அச்சு வரைக்கும் உள்ளே போய்விட்டன. கேமராவில் என்ன பதிவாகியிருந்தது தெரியுமா? மூன்று நொடி வானம். அதற்கப்புறம் பதினோரு நிமிடம், ஓடுகிற என் கால்.

மூன்றரை மணிக்கு பஸ் வந்தது. அம்மா இறங்கினாள், ஒரு கையில் ரவிக்கைத் துணிப் பை, மறு கையில் வாழையிலையில் கட்டிய பூ. ரோட்டிலிருந்தே வயல் தெரியும். உழுத கோடு, உடைந்த வரப்பு, மூலையில் முங்கிக் கிடக்கும் டிராக்டர், அதன் மேல் கூலிங் கிளாஸோடு முருகையன் மாமா, சேறு அப்பிய ஒரு புது மனிதன், கேமராவோடு நான். அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அடித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. இந்த வயலுக்காக அவள் எத்தனை வயல் குனிந்து நட்டிருப்பாள் என்று அந்த நிமிடம்தான் உறைத்தது.

அம்மா கேட்ட முதல் கேள்வி மாமாவை.

"கரண்டு எத்தன மணி வரைக்கும் இருக்கும்?"

"ஆறு மணி வரைக்கும்க்கா."

இரண்டாவது கேள்வி ஜெகனைக் காட்டி. "இந்தப் புள்ள யாரு? சாப்புட்டுச்சா?"

என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பூவையும் பையையும் மோட்டார் கொட்டகையில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். வீட்டிலிருந்த சோற்றை ஜெகன் தின்று முடிப்பதற்குள், தென்னந்துண்டுகளைக் கொண்டுவந்து டிராக்டர் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கச் சொல்லிவிட்டாள். மூன்று தடவை உறுமி, நாலாவது தடவை வண்டி வெளியே வந்தது. வரப்பு உடைப்பை அடைக்க வேறு வழியில்லாமல் பரம்பு மேல் வைக்கிற மணல் மூட்டை இரண்டையும் போட்டு, மேலே மண் வெட்டி அணைத்தோம். மறுபடி மோட்டார். மணி ஐந்தானபோது பரம்படிக்கிற அளவுக்குத் தண்ணீர் நின்றது. டிராக்டரும் தயார், பரம்பும் தயார். ஆனால் மேலே வைக்கப் பாரம் இல்லை. மூட்டைகள் வரப்புக்குள் போய்விட்டன. பாரம் இல்லாத பரம்பு சேற்றின் மேல் சும்மா தடவிக்கொண்டு போகுமே தவிர, அமுக்காது.

"நான் நிக்கறேம்மா," என்றான் ஜெகன். பலகை மேல் நிற்பதுதானே அவன் தொழில்.

பக்கவாட்டில் காலைப் பிரித்து வைத்து, முட்டியை மடக்கி, போட்டோவில் வருகிற மாதிரி நின்றான். டிராக்டர் நகர்ந்ததும் பலகை குப்புறக் கவிழ்ந்தது. இரண்டாம் தடவை மல்லாக்க விழுந்தான். மூன்றாம் தடவை எப்படி விழுந்தான் என்று யாருக்கும் புரியவில்லை, பலகை அவன் மேல் இருந்தது. முருகையன் மாமா கூலிங் கிளாஸைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டார்.

"தம்பி, நீ மேல வா," என்றாள் அம்மா. "நேரமாவுது."

அம்மா பரம்பில் ஏறினாள். முகம் முன்னால், குதிகால் இரண்டும் பலகையின் பின்விளிம்பில், ஒரு கையில் கயிறு. உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டு, போ முருகையா என்றாள். வண்டி கிளம்பியது. பலகை ஒரு குலுங்கு குலுங்கியது, அம்மா முட்டியை லேசாகத் தளர்த்தினாள், அவ்வளவுதான். பலகைக்கு முன்னால் சேற்றுத் தண்ணீர் சுருண்டு எழுந்து, மஞ்சள் வெயிலில் ஒரே நீளமாக உருண்டுகொண்டே போனது. கடலில் அலை பலகையைத் தள்ளும். இங்கே பலகை அலையைத் தள்ளியது. அந்த அலைக்குப் பின்னால் அம்மா ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்குக் கை பரபரத்தது. கேமராவை எடுத்தேன்.

"அத வச்சிட்டு மண்ண அள்ளு. மூலை பள்ளமா கெடக்கு பாரு."

வைத்துவிட்டேன். கூடையில் மண்ணை அள்ளித் தலையில் தூக்கிக்கொண்டு போய் அந்த மூலையில் கொட்டினேன். முப்பது கூடையோ நாற்பது கூடையோ, எண்ணவில்லை. அழுதுகொண்டேதான் தூக்கினேன், சொல்வதற்கென்ன. இருட்டுவதற்குச் சற்று முன்பு அம்மா பரம்பிலிருந்து இறங்கினாள். வயல் மறுபடியும் மட்டமாகியிருந்தது, அந்த ஒரு மூலையைத் தவிர.

மறுநாள் சரியாக ஏழு மணிக்கு நடவுக் கோஷ்டி வந்தது. அம்மா ஒவ்வொருவருக்கும் ரவிக்கைத் துணியும் பூவும் கொடுத்தாள். செல்லம்மா அக்கா முதலில் இறங்கினாள். நாலு எட்டு வைத்தாள், நின்றாள், காலால் துழாவினாள். அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான்டி அடிச்சிருக்க," என்றாள் செல்லம்மா அக்கா.

அம்மா முகத்தை அப்போது பார்க்க வேண்டும். மதியம் வரைக்கும் எல்லாம் நன்றாகப் போனது. பிறகு கோஷ்டி தென்கிழக்கு மூலைக்கு வந்து சேர்ந்தது. செல்லம்மா அக்காவே தொடை வரைக்கும் உள்ளே இறங்கிவிட்டாள். இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"என்னாடி, வயல்ல கெணறு வெட்டி வச்சிருக்க?"

"கெணறு இல்ல. எம் பொண்ணு கடல் வெட்டுனா," என்றாள் அம்மா.

பன்னிரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கை நழுவி நாற்று முடியெல்லாம் மிதந்தது. அம்மாவும் கூடச் சிரித்தாள். யாரும் வாய் கோணக்கூடாது என்று பத்து நாள் தூங்காமல் கிடந்தவள்தான், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் கேமராவைத் திறந்து பார்த்தேன். நான் மண் சுமந்துகொண்டிருந்தபோது ஜெகன் சும்மா இருக்கவில்லை. வரப்பில் படுத்துக்கொண்டு, சேற்றுக் கையால், அம்மா போன ஒவ்வொரு சுற்றையும் எடுத்திருக்கிறான். பலகை, சுருளும் தண்ணீர், அம்மாவின் பாதம், முகம். வெட்டி ஒட்ட எனக்கு ஒன்றுமே இல்லை. நான்கரை நிமிடம். பாட்டு இல்லை, டிராக்டர் சத்தம் மட்டும். ரோஜா இதழ் ஒன்றுகூடக் கொட்டவில்லை.

ஜெகன் ஊரில் கடற்கரையில் திரை கட்டி அதைப் போட்டார்கள். அம்மாவையும் அழைத்துப் போயிருந்தேன். முன்னால் ஓடிய படங்களில் ஆளை விழுங்குகிற மாதிரி அலைகள். எங்களுடையது வந்ததும் கூட்டம் அமைதியாகிவிட்டது. போச்சு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்ததும் விசில் பறந்தது பாருங்கள், நிறுத்தவே மாட்டேன் என்கிறார்கள். இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கத்தினார்கள். எந்தக் கடற்கரை இது என்று ஒருவர் கேட்டார். திருக்காட்டுப்பள்ளி என்றேன். அதைச் சொல்லும்போது இருந்த பெருமை எனக்கு அதற்கப்புறம் எந்த மேடையிலும் வந்ததில்லை. இன்றைக்கு நான் தண்ணீரையும் அலையையும் படமெடுத்துத்தான் சாப்பிடுகிறேன். ஜெகன்தான் என் ஒளிப்பதிவாளர். எல்லாம் அந்த நான்கரை நிமிடம் போட்ட சோறு.

அம்மா மட்டும் இரண்டாம் தடவையும் முகத்தைச் சுருக்கிக்கொண்டே பார்த்தாள். பிடிக்கலியா என்று கேட்டேன். மேற்கால ஒரு மேடு விட்டிருக்கேன், இப்பதான் தெரியுது என்றாள். கடைசியில் பேர்கள் ஓடும்போது, என் பேரைக் காட்டி, எல்லாரும் ஒரு வேல செஞ்சிருக்காங்க, நீ இதுல என்ன செஞ்ச என்று கேட்டாள். அம்மா வளைந்து திரும்பும் காட்சியில், பின்னால் தூரத்தில், தலையில் கூடையோடு தெரிகிற புள்ளி நான்தான் என்று காட்டினேன். இன்றுவரை உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர், "கூடை தூக்குற டைரக்டர் வந்தாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

அந்த மூலை இன்னும் பள்ளமாகத்தான் இருக்கிறது. ஊரில் அதற்கு ஷூட்டிங் மூலை என்று பேர். தண்ணீர் தேங்கி நிற்பதால் அங்கே மட்டும் கதிர் எட்டு நாள் பிந்தித்தான் முற்றும். அறுப்பு மெஷின் அதை விட்டுவிட்டுப் போகும். அம்மா தனியாகக் கையால் அறுப்பாள். போன வருஷம் என் சம்பாத்தியத்தில் இரண்டு டிப்பர் வண்டல் மண் கொண்டுவந்து வயலோரம் நிறுத்தினேன். என் தப்பை நானே நிரப்பிவிடலாம் என்று ஒரு ஆசை. அம்மா வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஏன் என்று கேட்டேன்.

"எட்டு நாள் பிந்தி வெளையட்டுமே, இப்ப என்ன கொறஞ்சு போச்சு," என்றாள். "நீயும் அப்படித்தானே வெளஞ்ச."